பாறைமேல் நின்ற சகலன்

என் மனைவி சிரித்து நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு புரட்டாசி மாதக் காலையில். அப்போது நான் ரைட்டர் குடியிருப்பின் பின்புறம், முகத்தில் பாதிக்குச் சோப்பு நுரையும் கையில் சவரக்கத்தியுமாக நின்றுகொண்டிருந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் வந்தது. லேசான சிரிப்பல்ல. அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக ஒரு சீறல் போட்டுவிட்டு, பிறகு வாய்விட்டு உடைகிற சிரிப்பு. ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற பெண் யாரோ என்றுதான் நினைத்தேன். எனக்குக் கல்யாணமாகி அது ஐந்தாவது மாதம். கட்டினவளின் சிரிப்பு யாருடையதென்று தெரியாமல் ஒருவன் சவரம் செய்துகொண்டிருந்தான் என்றால் எந்த ஊரிலும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுவரை கேட்டேயிராத சத்தத்தை எப்படி அடையாளம் காண்பது?

எட்டிப் பார்த்தேன். கோதையாறு அந்த இடத்தில் அகலமாக, கற்களின் மேல் முணுமுணுத்துக்கொண்டு போகும். என் மனைவி கரையோரம் கணுக்கால் தண்ணீரில், குடத்தை இடுப்பில் அணைத்தபடி நின்றிருந்தாள். குடத்தில் தண்ணீர் இல்லை. மொள்ள மறந்துபோயிருந்தாள். எதிரே, ஆற்றின் நடுவில் கிடந்த பாறை ஒன்றில் ஒரு பறவை. மைனா அளவுதான் இருக்கும். முதுகு நனைந்த மரப்பட்டை நிறம், வயிறு அப்போதுதான் வெளுத்து வந்த வேட்டி. குச்சிக் கால்களில் இரண்டு அடி வேகமாக நடக்கும், ஏதோ அவசர வேலையாகப் போகிறவனைப் போல. சட்டென்று நிற்கும். நின்றதும் பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டும். போன வேலை மறந்துபோன மாதிரி நின்று ஆட்டிவிட்டு, ஞாபகம் வந்துவிட்ட மாதிரி மறுபடி இரண்டு அடி. மறுபடி ஆட்டம். அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சிரித்தாள்.

நான் வந்ததைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பாதி வெள்ளையும் ஒரு பாதி கறுப்புமாக நிற்கிற மனிதனைப் பார்த்தால் சாதாரணமாக யாருக்கும் சிரிப்பு வரும். அவள் மிகவும் மரியாதையாக, "சோப்பு காயுது" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, பாறையைக் காட்டி, "உள்ளான். எங்க ஊர்ப் பொழியில நெறைய நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டு மேலே ஏறிப் போனாள்.

அவள் ஊர் இராஜாக்கமங்கலம் பக்கம், ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில். நான் தக்கலைக்காரன். இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காலை எனக்குள் என்ன செய்தது என்று புரியாது. அந்தக் காலத்தில் தக்கலையில் என்னைப் போலப் பேசிச் சிரிக்கவைக்கிற ஆள் கிடையாது என்று பெயர். எங்கள் வேதக்கோயில் உபதேசியார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே பிரசங்க மேடை முழுக்கத் தேடுவதை நான் நடித்துக் காட்டினால், உபதேசியாரே கண்ணைத் துடைத்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் பந்தலில் எனக்கென்று ஒரு இடம் ஒதுங்கும். சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். நான் பெண்ணைப் பார்த்ததைவிட என் மாமனாரைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். இந்தப் பிள்ளை கையில் கொடுத்தால் மகள் ஒரு நாளும் அழமாட்டாள் என்று வீட்டில் சொன்னாராம். அது என்னவோ சரிதான். அவள் அழவில்லை. அழுவது, சிரிப்பது இரண்டையுமே அவள் செய்யவில்லை.

எங்கள் சமஸ்தானத்தில் ராணி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எனக்கு ரைட்டர் வேலை கிடைத்திருந்தது. ரைட்டர் என்றால், விடியும்போதே வந்து நிற்கிற ஆட்களின் பேரைக் கூப்பிட்டு எடுத்து, யார் எந்த மரவரிசைக்கு என்று சொல்லி அனுப்பி, துரையின் கோபத்தைத் தமிழிலும் ஆட்களின் கோபத்தை இங்கிலீஷிலும் பாதியாக்கிக் கொடுக்கிற வேலை. குடியிருப்பு, இரண்டு அறையும் தகரக் கூரையும். ஆனி மாத மழையில் அவளை அங்கே கூட்டிப் போனேன். காலில் அட்டை, சுவரில் பூசணம், பேச்சுத் துணைக்கு ஒரு பெண் கிடையாது. கடற்கரைக் காற்றில் வளர்ந்தவளுக்கு மரங்களுக்கு நடுவே மூச்சு முட்டியது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கொண்டுவிட வந்த தகப்பனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பிப் போகும்போது என்னைத் தனியாக ஒரு பலாமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மருமவனே, மலைங்கியது எல்லாருக்கும் ஒத்துக்கிடாது. மழைக்காலம் கழியட்டு. ஈஸ்டர் முடிஞ்சு நான் ஒரு நட வருவேன். பிள்ளைக்கு அப்பமும் மனசு பிடிக்கல்லேண்ணா நான் கூட்டிட்டுப் போவேன். நீரு மொகத்தைச் சுளிக்கப்பிடாது" என்றார்.

நான் அப்போதும் ஏதோ வேடிக்கையாகத்தான் பதில் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் சொன்னது சிரிக்கிற விஷயம் அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கல்யாணமான முதல் வருஷமே பெண்ணைத் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனால், அப்படிப் போனவள் லேசில் திரும்பமாட்டாள். ஊரில் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். தக்கலைச் சந்தையில் அந்தக் கதையை ரசிக்கும்படி சொல்ல ஒரு ஆள் வேண்டும், அது நானாக இருக்க முடியாது என்பது வேறு. அதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே இருந்த காரணம், அந்த மழையில் அவள் அடுப்புப் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தோசை திருப்புவதை வாசல்படியில் நின்று பார்ப்பது எனக்குப் பழகிப்போய்விட்டதுதான்.

ஆகவே அவளைச் சிரிக்கவைத்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். என் கையில் வேறு என்ன சரக்கு இருக்கிறது? சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஆரம்பிப்பேன். மழையில் புதுக்குடை நனைந்து வீணாகிவிடுமே என்று அதைக் கக்கத்தில் பத்திரமாக இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்த என் சித்தப்பாவின் கதை ஒன்று உண்டு. நான் சொல்லி அந்தக் கதையில் சிரிக்காத ஆளை அதுவரை கண்டதில்லை. அவள் கவனமாகக் கேட்டாள். முடித்ததும், "அதுக்குப் பெறவு அவியளுக்குக் காய்ச்சல் ஒண்ணும் வரல்லியே?" என்றாள். உண்மையான கவலையோடு கேட்டாள். உபதேசியாரின் மூக்குக்கண்ணாடியை நடித்துக் காட்டினேன். வயதானவர், பாவம் என்றாள். துரை குதிரையிலிருந்து இறங்கும்போது ஒரு கால் மாட்டிக்கொண்டு நொண்டியடித்ததை, தரையில் விழுந்தே காட்டினேன். எழுந்து பார்த்தால் அவள் என் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துவைக்க வேண்டியவள் அவள்தானே. ஆவணி முடிவதற்குள் என் பெட்டி காலியாகிவிட்டது. அந்த நிலையில்தான், புரட்டாசியில், எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கைப்பிடிப் பறவை, பின்புறத்தை ஆட்டி, ஒரே காலையில் அதைச் செய்து முடித்தது.

மற்ற ஆண்கள் எதற்கெல்லாம் பொறாமைப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் நிலம், அடுத்தவன் சம்பளம், அடுத்தவன் மீசை. நான் பட்ட பொறாமையை வெளியே சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அன்றிலிருந்து அவள் தினமும் கருக்கலிலேயே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில்தான் எனக்குக் காப்பி கிடைக்கும். ஐந்து மாதமாக ஒற்றை ஒற்றைச் சொல்லாகப் பேசினவள், இப்போது சாயங்காலங்களில் தானாகவே வாயைத் திறந்தாள். என்ன பேசினாள்? இன்றைக்கு அது ஒரு நண்டுக் குஞ்சைப் பிடித்துவிட்டு எப்படி முழுங்குவது என்று தெரியாமல் நின்றதாம். இன்றைக்கு ஒரு இலை மிதந்து வந்து காலில் ஒட்டியதற்கு அப்படிக் கோபப்பட்டதாம். பறந்தால் தண்ணீரை ஒட்டியே பறக்கிறது, இறக்கையை முழுசாக அடிக்காமல் பதறிப் பதறிப் பறக்கிறது, கீ கீ கீ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு போகிறது என்றாள். என்னைப் பற்றி அவள் தன் வீட்டில் யாரிடமாவது இவ்வளவு விவரமாகச் சொல்லியிருப்பாளா என்று யோசித்துக்கொண்டே நான் ரசத்தை ஊற்றிப் பிசைவேன்.

எதிரியின் தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்க்க முடியாது. நான் ஒளிந்திருந்து பார்த்தேன். வேலைக்கு நடுவே கிடைத்த நேரமெல்லாம் நாணல் புதருக்குப் பின்னால் குந்தியிருந்து, அந்தப் பறவையையே பார்த்தேன். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வேடிக்கை. காலையில் அதுதான், மத்தியானம் அதுதான், சாயங்காலமும் அதுதான். புதிதாக ஒன்று கிடையாது. மாற்றிச் செய்வது கிடையாது. என்னிடம் நூறு இருந்தது, ஒவ்வொன்றையும் சபைக்குத் தக்கபடி நீட்டவும் குறுக்கவும் தெரியும். இவ்வளவுக்கும் மேலே என்னை அறுத்தது எதுவென்றால், தான் ஒரு வேடிக்கை காட்டுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. கரையில் ஒருத்தி மூச்சுமுட்டச் சிரிப்பது அதன் காதில் விழுந்ததாகவே இல்லை. அவ்வளவு சிரிப்பையும் வீணாக ஆற்றில் விட்டுவிட்டு, அது பாட்டுக்குக் கல் இடுக்கில் கொத்திக்கொண்டிருந்தது. பசித்தவன் முன்னால் சோற்றைக் கால் படப் போட்டு வைத்திருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அன்று சாப்பாட்டின்போது, பேச்சோடு பேச்சாக, உள்ளானை நல்லமிளகு போட்டு வறட்டினால் அருமையாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். தன் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அந்தப் பறவையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. வேறு எதைப் பற்றியும் இல்லை. அப்போதுதான் என் நிலைமை எனக்கே சரியாக விளங்கியது. அவளுக்கு அந்த மலையில் இருந்த ஒரே பற்று அந்தப் பாறையும் அதில் நிற்கிற பறவையும்தான். அது போய்விட்டால் பலாமரத்தடியில் மாமனார் சொன்னது நடந்துவிடும். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானதைத்தான் நான் கண்ணுக்குக் கண்ணாகக் காக்கவும் வேண்டும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு சிவந்து, பாறை முழுகி, மரங்கள் வேரோடு மிதந்து வந்தன. பறவையைக் காணவில்லை. அவள் குடத்தோடு போய்ப் போய் வெறுமனே திரும்பி வந்தாள். சமையலில் உப்பு ஒரு நாள் இல்லை, மறுநாள் இரண்டு தரம் விழுந்தது. மூன்றாவது நாள் நான் குடையை எடுத்துக்கொண்டு, துரை கேட்டால் ஓடை வரப்பு உடைந்ததா என்று பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாமென்று, ஆற்றோரமாகக் கீழே இறங்கினேன். காலில் ஏறின அட்டையை எண்ணவில்லை. வளைவுக்கு அந்தப்புறம், மணல் ஒதுங்கின ஒரு மேட்டில், நனைந்து பாதியாகச் சுருங்கிப்போய் நின்றுகொண்டிருந்தான் அந்தப் படுபாவி. அந்த மழையிலும் ஆட்டத்தை விடவில்லை. ஓடி வந்து அவளிடம் சொன்னேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் நான் குடித்ததிலேயே அதிகமாகக் கருப்பட்டி போட்ட காப்பி அது. என் எதிரி உயிரோடிருக்கிற செய்தியைக் கொண்டுவந்ததற்குக் கிடைத்த இனிப்பு. அதை நான் மிச்சம் வைக்கவில்லை.

மாசியில் ஆறு வற்றி, ஆழமான குழிகளில் மட்டும் கயங்களாக நின்றது. காட்டுக் காயை இடித்து ஆற்றில் கலக்கி, மயங்கி மிதக்கிற மீனைப் பிடிப்பது அங்கே வழக்கம். ஆட்களின் மேஸ்திரியாக இருந்த கங்காணி அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நஞ்சு கலந்தால் மீனோடு பூச்சியும் புழுவும் போகும், அதைத் தின்னுகிறதும் போகும். துரை உத்தரவு, இந்தத் துறையில் யாரும் கலக்கக் கூடாது என்று ஒரு பெரிய பொய்யைப் போட்டேன். கங்காணி எமகாதகர். மதியம் துரையிடமே போய் என்னவோ பேச்சுக் கொடுத்து, அப்படி ஒரு உத்தரவே கிடையாது என்று தெரிந்துகொண்டுவிட்டார். பிறகு என் வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டினால் போதாதா, மிச்சமும் விளங்கிவிட்டது. மனுஷன் மீனைக் கீழ்த்துறையில் பிடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை, அத்தனை ஆட்களும் வரிசையில் நிற்கும்போது, மிகவும் பணிவாக என் பக்கம் குனிந்தார்.

"ரைட்டரே, ஒம்ம சகலன் பாறையில வந்து நிக்கான். போய்க் குசலம் விசாரிச்சிட்டு வாரும்."

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. சகலன் என்றால் எங்கள் பக்கத்தில் வெறும் உறவல்ல. ஒரே வீட்டில் பெண் கட்டின இரண்டு பேர், மாமியார் வீட்டுப் பந்தியில் யார் இலையில் பெரிய மீன்துண்டு விழுகிறது என்று ஆயுள் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். கங்காணி அந்த ஒரு சொல்லில் என் ஆறு மாத வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு தோட்டத்தில் அந்தப் பறவைக்கு வேறு பெயரே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள்கூட, "சகலன் பறந்துட்டு" என்று வந்து சொல்லும். தக்கலையில் ஊரைச் சிரிக்கவைத்த நான் மலையில் ஊர் சிரிக்கிற பொருளானேன். அதுகூடப் பெரிதில்லை. சகலன் என்று கேட்கும்போது ஒரு தடவையாவது அவள் சிரித்திருக்கலாம். அவள், அந்தப் பறவைக்கு இந்த மாதிரிப் பட்டம் வைப்பது நன்றாக இல்லை என்றாள்.

பங்குனி வெயில் ஏறியது. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி, "சித்திரையில அது போயிரும்" என்றாள். அவள் ஊர்ப் பொழியிலும் அப்படித்தானாம். வெயில் முற்றினால் எல்லாம் வடக்கே எங்கேயோ போய்விடும், ஆவணி புரட்டாசிக்குத்தான் திரும்ப வரும். சித்திரை. ஈஸ்டர் முடிந்து மாமனார் வருகிற அதே கணக்கு.

வீட்டுக்கு வந்தவனுக்கு நல்ல சாப்பாடு போட்டால் இரண்டு நாள் கூடத் தங்குவான். எங்கள் பக்கத்து மனிதர்களுக்குத் தெரிந்த உபாயம் அது ஒன்றுதான். நானும் அதைத்தான் செய்தேன். அவள் அவித்து வைத்திருந்த புட்டில் ஒரு கை எடுத்துக்கொண்டு போய், தேங்காய்ப்பூவோடு, பாறைமேல் பதமாக உதிர்த்துவைத்தேன். திரும்பிக் கரையேறுவதற்குள் மலையிலிருந்த காக்கைகள் அத்தனையும் வந்து இறங்கின. ஒன்று உள்ளானை விரட்டியே விட்டது. அது கீ கீ என்று கத்திக்கொண்டு மேலாற்றுப் பக்கம் பறந்து போயிற்று. அவள் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஈரத்தில் கொத்தித் தின்னுகிற ஜாதி, புட்டெல்லாம் தின்னாது என்று மட்டும் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஒரு வாரம் அங்கும் இங்குமாகக் கண்ணில் பட்டது. பிறகு இல்லை. பாறை வெறும் பாறையாகக் கிடந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போனாள், எடுத்துக்கொண்டு வந்தாள். குடம் சீக்கிரமே நிறைந்தது.

மாமனார் வந்தார். பேச்சிப்பாறை வரை வில்வண்டியிலும் மிச்சம் நடந்துமாக வந்தவர், மகளைப் பார்த்ததும் முதலில் சொன்னது, பிள்ளைக்கு எலும்பு தெரியுது என்று. இரவு சாப்பாட்டில் நான் என் பழைய சரக்கில் இரண்டை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். காலையில் எழுந்து பார்த்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டி கட்டிலடியிலிருந்து வெளியே வந்து, வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

அவள் கடைசியாகத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மாமனாருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு நானும் இறங்கிப் போனேன். என்ன பேசுவதென்று போனேனோ, தெரியாது. அவள்தான் பேசினாள். மேலாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் மேலக் கயத்துப் பக்கம் அதுக்க சத்தம் கேட்டது மாதிரி இருந்துது."

"நிண்ணுக்கோ. நான் பாத்துட்டு வாறேன்" என்றேன்.

அதை நான் சொன்னபோது எனக்குள் பொறாமை இல்லை. போகிறவள் அதை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆற்றுக்குள் இறங்கிக் கல்மேல் கல்லாகத் தாவிப் போனேன். எல்லாம் பாசி. கால் வைத்தால் வழுக்கும். இரண்டு கல் வேகமாகத் தாவுவேன், மூன்றாவதில் சறுக்கப் போகும், கையை விரித்து நின்று உடம்பைச் சமாளிப்பேன். சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று அப்படியே நின்று காது கொடுப்பேன். மறுபடி இரண்டு கல். மறுபடி நின்று சமாளிப்பது. என் கண் மேலக் கயத்திலேயே இருந்தது. இவ்வளவு நாள் வயிறெரிந்து சபித்த ஒரு பறவையை, தயவு செய்து இன்றைக்கு ஒரு நாள் வந்து நில் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு போனேன்.

பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் மூக்கு வழியாக ஒரு சீறல். பிறகு ஒரு உடைப்பு. எங்கே, வந்துவிட்டதா என்று நான் சுற்றுமுற்றும் தேடினேன். கல் இருந்தது, தண்ணீர் இருந்தது, பறவை இல்லை. திரும்பினேன். அவள் குடத்தைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கை நீட்டிக் காட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், முடியாமல் மறுபடி குனிந்துவிட்டாள். குடம் உருண்டு தண்ணீருக்குள் போனது. மேட்டில், கையில் காப்பி டம்ளரோடு, மாமனார் வாயைத் திறந்தபடி நின்றார்.

அவர் தனியாகத்தான் திரும்பிப் போனார். மகள் அவரிடம், "அப்பா, ஆவணியில அது திரும்பி வரும்பம் நான் இஞ்ச நிக்காண்டாமா?" என்றாள். அதுதான் அவள் சொன்ன ஒரே காரணம். எது திரும்பி வரும் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. என்னை விட்டுப் போகாமல் இருப்பதற்குக்கூட அவள் அவன் பெயரைத்தான் சொன்னாள். பலாமரத்தடியில் மாமனார் நின்று, ரகசியமாக என்னிடம் கேட்டார்: "மருமவனே, நீரு அப்பிடி என்னத்தவே செய்தீரு?" நான் பெரிய வித்தைக்காரனைப் போல மீசையைத் தடவிக்கொண்டேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையே தெரிந்துகொள்ள முயன்றேன். அவள் தண்ணீர் மொள்ளும் நேரம் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே கற்களின் மேல் தாவினேன். நேற்று செய்ததாக நான் நினைத்த எல்லாவற்றையும், தக்கலைக் கல்யாணப் பந்தலில் செய்கிற மாதிரிக் கொஞ்சம் கூட்டியும் செய்தேன். நடுப்பாறையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள், விழுந்து காலை ஒடித்துக்கொள்ள வேண்டாம் என்றாள்.

நான் கரைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டேவிட்டேன். இவ்வளவு நாள் நான் சொன்னதிலெல்லாம் என்ன குறை, அந்தப் பறவை செய்வதில் என்ன நிறை என்று. என் மனசு நோகாமல் எப்படிச் சொல்வதென்று யோசித்தாள் போலிருக்கிறது. கடைசியில் நோகும்படியே சொன்னாள்.

"நீங்க ஒண்ணு சொல்லி முடிச்சிட்டு எம் மொகத்தையே பாத்துட்டு நிக்கிய. நான் சிரிச்சே ஆவணும்ணு. எனக்கு அப்பம் பயமா இருக்கும். அது பாக்காதுல்லா."

அந்தத் தோட்டத்தில் அதற்குப் பிறகு நாங்கள் பல வருஷம் இருந்தோம். ஒவ்வொரு புரட்டாசியும் பாறையில் ஒன்று வந்து நிற்கும். அதே பறவையா, அதன் மகனா, யார் கண்டது. அவள் அதுதான் என்பாள். அவள் பார்க்கிற பார்வையை நான் பார்ப்பேன், வயிற்றில் ஒரு மிளகாய் கிள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். இப்போது தக்கலைக்கே வந்துவிட்டோம். எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பிள்ளைகள் என் வேடிக்கைகளைக் கேட்டு எனக்கு முன்னாலேயே கடைசி வரியைச் சொல்லிவிடுகிறார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டேன். முழுசாக என்று சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் மழையில் பாதை முழுக்கச் சேறாகிக் கிடந்தது. கோயிலுக்குக் குளத்துக்கரை வழியாகப் போனோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். வெளுத்த வேட்டியில் சேறு படாமலிருக்க ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் செருப்போடு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். எனக்கு முன்னால் நாலு முழம் தள்ளி, அதே கரையில், ஒரு உள்ளான் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷத்துக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். இரண்டு அடி போய் நின்று ஆட்டும். நான் நெருங்கினால் மறுபடி இரண்டு அடி. பறந்து தொலைக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் பின்னால் ஒருவராக, ஒரே கரையில், ஒரே அவசரத்தில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

பின்னால் மூக்கு வழியாக ஒரு சீறல் கேட்டது. பிறகு அது உடைந்தது.

எங்கள் இருவரில் யாரைப் பார்த்து என்று தெரிந்துகொள்ள எனக்குக் கழுத்து துடித்தது. நான் திரும்பவில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று மட்டும் பார்த்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போனேன்.